காணாமற் போன காவற்காரர்

நாவல் ஒன்றின் மீது உண்மையான பற்றுக் கொண்டவர்கள், அது படமாகின்றது என்னும் செய்தியைக் கேட்டவுடன் முதலில் மகிழ்வார்கள். அடுத்த கணமே அஞ்சுவார்கள். மகிழ்ச்சியின் காரணம் வெளிப்படை. அச்சத்தின் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். தம் மனத்திலே பல்லாண்டுகளாகக் குடியிருக்கும் ஒருவரை, முன்பின் அறியாத ஒரு நடிகரின் முகத்தோடு வாசலிலே கொணர்ந்து நிறுத்தி, "இவரைத் தெரிகின்றதா?" என்று கேட்கப் போகின்றார்களே என்பதுதான் அந்த அச்சம். சில வேளைகளில், "ஆம், இவரேதான்!" என்று நாமே எழுந்து நின்று வரவேற்கின்றோம். சில வேளைகளில், "யாரோ ஒருவர் வந்திருக்கின்றார், அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு" என்று கூறிக் கதவைச் சாத்தி விடுகின்றோம்.

2021ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி, பீ.பீ.ஸி. அமெரிக்கா என்னும் தொலைக்காட்சி நிலையம் "தி வோச்" என்ற தொடரை ஒளிபரப்பத் தொடங்கியபோது, உலகெங்கும் பல்லாயிரம் வாசகர்கள் கதவைச் சாத்தினார்கள். அவர்கள் சாத்தியது எதனால், அது நியாயந்தானா என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

அத்தொடருக்கு மூலமெனச் சொல்லப்பட்டவை ஆங்கில நாவலாசிரியர் டெரி பிராட்செட் எழுதிய தட்டுலக நாவல்கள். 1948இலே பிறந்த பிராட்செட், பதினேழு வயதிலே ஒரு பிரதேசப் பத்திரிகையிற் செய்தியாளராகச் சேர்ந்தவர். பின்னர் மின்சாரச் சபையொன்றிலே, அணு மின் நிலையங்களைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளுக்கு வழங்கும் அலுவலராக இருந்தார். அணு மின் நிலையத்தைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஆறுதலாகப் பேசுகின்ற உத்தியோகத்தை வகித்த ஒருவர் ஹாஸ்ய எழுத்தாளராக மாறியதில் வியப்பு ஏதும் இல்லை! தட்டுலக வரிசையின் முதல் நாவல் 1983இல் வெளிவந்தது. 1987இலே உத்தியோகத்தைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார். 2015ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி அவர் காலமானார். அவ்வாண்டின் பிற்பகுதியிலே வெளிவந்த நாவலோடு வரிசையின் எண்ணிக்கை 41 ஆயிற்று. 1990களில் பிரித்தானியாவிலே மிக அதிகமாக விற்பனையான எழுத்தாளர் அவரே. உலகெங்கும் விற்ற பிரதிகள் எட்டுக் கோடிக்கு மேல்.

தட்டுலகம் என்பது பெயருக்கேற்பத் தட்டையான உலகம். நான்கு யானைகள் அதனைத் தாங்குகின்றன. அந்த யானைகள் ஒரு பேராமையின் முதுகிலே நிற்கின்றன. ஆமையோ விண்வெளியிலே நீந்திச் செல்கின்றது. திசை யானைகளையும் கூர்மத்தையும் பற்றிப் புராணத்திற் கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு இஃது அந்நியமான கற்பனையன்று. அவ்வுலகின் மாபெரும் நகரம் அங்க்-மோர்ப்போர்க். அங்கே திருடர்களுக்கும் ஒரு சங்கம் உண்டு. ஆண்டொன்றுக்கு இவ்வளவுதான் திருடலாம் என்று நகரத்தின் அதிபதி வெட்டினாரி பிரபு அளவு வகுத்திருக்கின்றார்; திருட்டுக் கொடுத்தவருக்கு ரசீது வழங்கப்படும்! சங்கத்திற் சேராமல் திருடுபவனைச் சங்கத்தாரே கவனித்துக்கொள்வர். ஆகவே காவற்படைக்கு அங்கே வேலையே இல்லை. வேலையில்லாத அந்தக் காவற்படைதான் நமது கதாநாயகன்.

1989இல் வெளியான "கார்ட்ஸ்! கார்ட்ஸ்!" என்னும் நாவலிலே அப்படை முதன்முதலாக நம் முன்னே வருகின்றது. வீரக் கதைகளிலே மூன்றாம் அத்தியாயமளவில், "காவலரே!" என்று யாரோ கூவ, ஓடி வந்து ஒருவர் பின் ஒருவராகக் கதாநாயகனின் வாளுக்கு இரையாகிச் செத்து விழுகின்ற பெயரற்ற காவலர்களை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். அவர்களுக்கும் மனைவி உண்டா, மாதச் சம்பளம் போதுமா என்று யாரும் கேட்டதில்லை. பிராட்செட் கேட்டார். அந்த நாவலையே அவர்களுக்குத்தான் சமர்ப்பணம் செய்தார்.

படையின் தலைவர் சாமுவேல் வைம்ஸ். கதை தொடங்கும்போது அவர் மதுவெறியில், மழையில், சாக்கடை ஓரத்திலே கிடக்கின்றார். சார்ஜன்ட் கொலன் என்பவர் பருத்த சரீரமும் பயந்த சுபாவமும் உடையவர். நொபி நொப்ஸ் என்னும் கோப்ரல், தான் மனிதன்தான் என்பதை நிரூபிக்கும் அத்தாட்சிப் பத்திரத்தைச் சட்டைப்பையிலே வைத்திருப்பவன். அப்பத்திரம் இன்றேல் சந்தேகம் தீராது. இவர்களிடையே புதிதாக வந்து சேருகின்றான் கரட் என்ற இளைஞன். குள்ளர்களால் வளர்க்கப்பட்ட ஆறடி உயர மனிதன். சட்டப் புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து நம்புகின்றவன். வந்தவுடனே அவன் செய்த முதல் வேலைகளில் ஒன்று, திருடர் சங்கத் தலைவரைத் திருட்டுக் குற்றத்துக்காகக் கைது செய்தமை!

அந்நாவலில் ஒரு கட்டம். நகரை ஆட்டிப் படைக்கும் பறவைநாகத்தை ஒரே அம்பால் வீழ்த்த வேண்டும். கதைகளிலே பத்து இலட்சத்தில் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு எப்போதும் பலித்துவிடுகின்றது அல்லவா? ஆனால் ஆயிரத்தில் ஒன்றாக இருந்தால் பலிக்காதே! ஆகையால் கொலனும் தோழர்களும் தமது வாய்ப்பைச் சரியாகப் பத்து இலட்சத்தில் ஒன்றாக்குவதற்குக் கணக்குப் போடுகின்றார்கள். ஒற்றைக் காலிலே நின்று எய்தால்? முகத்திலே கரி பூசிக்கொண்டால்? வாயிலே கைக்குட்டையைக் கவ்விக்கொண்டால்? எல்லாம் செய்து எய்த அம்பு தவறிப் போகின்றது. கணக்கு எங்கோ சிறிது பிசகிவிட்டது போலும். அடுத்து நிகழும் பயங்கர விபத்திலே அவர்கள் தப்பிப் பிழைக்கின்றார்கள். அதிலே பிழைப்பதற்கான வாய்ப்புத்தான் மிகச் சரியாகப் பத்து இலட்சத்தில் ஒன்று. இத்தகைய ஹாஸ்யத்தைத்தான் வாசகர் தொலைக்காட்சியிலே எதிர்பார்த்தனர். ஆனால் தொடரிலே கொலனும் இல்லை, நொபியும் இல்லை. கோழைகளான அவ்விரு சாதாரண மனிதரும் திரைக்கு வேண்டாதவராகி விட்டனர். பெயரற்ற காவலருக்காக எழுதப்பட்ட கதையிலிருந்து, பெயர் பெற்ற இரு காவலர் மீண்டும் காணாமற் போயினர்.

ஹாஸ்யம் மட்டுமே பிராட்செட்டின் பெருமையாக இருந்திருந்தால் இத்தனை கோபம் எழுந்திராது. 1993இல் வெளிவந்த "மென் அட் ஆர்ம்ஸ்" நாவலிலே சப்பாத்தைப் பற்றிய ஒரு சிந்தனை வருகின்றது. வைம்ஸின் மாதச் சம்பளம் 38 டொலர். நல்ல தோற் சப்பாத்து ஒரு சோடியின் விலை 50 டொலர். அவரால் வாங்கக்கூடியதோ 10 டொலர்ச் சப்பாத்து. அஃது ஓரிரு பருவங்களுக்கு ஒருவாறு தாக்குப் பிடிக்கும். பிறகு உள்ளே வைத்த மட்டை ஊறிப்போய்த் தண்ணீர் புகும். பணக்காரனுடைய 50 டொலர்ச் சப்பாத்துப் பத்தாண்டு உழைக்கும். அதே பத்தாண்டிலே ஏழை 100 டொலரைச் சப்பாத்துக்கே செலவழித்திருப்பான். அப்போதும் அவனுடைய பாதம் ஈரமாகத்தான் இருக்கும். பணக்காரர் பணக்காரராக இருப்பதற்கு ஒரு காரணம் அவர்கள் குறைவாகச் செலவழிப்பதே என்று வைம்ஸ் கண்டுகொள்கின்றார். இரவுக் காவலிலே மூடுபனி சூழ்ந்திருக்கும்போது, தேய்ந்த அடித்தோலினூடாகக் கல்லை உணர்ந்தே தாம் எந்தத் தெருவில் நிற்கின்றார் என்பதையும் அறிந்துகொள்வார்.

பொருளியற் பேராசிரியர் பலர் பல பக்கங்களிலே சொல்வதை ஒரு சோடிச் சப்பாத்திலே சொல்லி முடித்த எழுத்து இது. வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் எந்தத் தாய்க்கும் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. 2022இலே, பிரித்தானியாவிலே வறிய குடும்பங்களின் உணவுச் செலவைப் பற்றி எழுதி வந்த ஜக் மன்ரோ, அன்றாடப் பண்டங்களின் விலையேற்றத்தைக் கணக்கிடுவதற்குத் தாம் தொடங்க எண்ணிய விலைச்சுட்டிக்கு வைம்ஸின் சப்பாத்துப் பெயரையே வைத்தார். பிராட்செட் குடும்பத்தார் அதற்கு மனமுவந்து அனுமதி அளித்தனர்.

இந்தச் சப்பாத்துச் சிந்தனை வைம்ஸுக்கு எங்கே தோன்றிற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். சிபில் ராம்கின் சீமாட்டியை மணம் செய்யவிருக்கும் வேளையிலே தோன்றிற்று. சிபில் நகரத்திலேயே பெரும் பணக்காரி. ஆனால் அவளுடைய மாளிகையிலே புதிய பொருள் எதுவும் இல்லை. யாவும் பாட்டன் காலத்துப் பொருள்கள், உழைத்துக்கொண்டே இருக்கின்றன. ஆதலால் அவளுடைய அன்றாடச் செலவு வைம்ஸின் செலவிற் பாதி அளவுதான். அவள் இளம்பெண்ணும் அல்லள். நாற்பது வயதைக் கடந்து பருத்து உயர்ந்த தேகமும், தெருக்கோடி வரை கேட்கும் குரலும், தன்னலமறியாத உள்ளமும் வாய்ந்தவள். நோயுற்ற சதுப்புநிலப் பறவைநாகங்களை எடுத்து வளர்க்கின்றாள். அவை அடிக்கடி தீக்கக்கித் தலைமயிரைக் கருக்கிவிடுவதால் பொய்ம்மயிர் அணிகின்றாள். இப்படிப்பட்ட ஒருத்தியைக் காதற் கதையின் நாயகியாக்கி, யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்காமல், அவளோடு சேர்ந்து சிரிக்கும்படி செய்த நாவலாசிரியர் எத்தனை பேர்? பெருத்த உடல் கொண்ட நடுத்தர வயதுப் பெண்கள் நாவல்களிலே பொதுவாகச் சமையற்கட்டிலோ, சண்டைக்கார மாமியார் வேடத்திலோதான் தோன்றுவர்.

தொடரிலே வந்த சிபில் யார்? மெலிந்து அழகு வாய்ந்த இளமங்கை. உயர்குடியிற் பிறந்தவளேயாயினும், ஆயுதம் ஏந்தி இரவிலே தெருவில் இறங்கித் தீயவரைத் தன் கையாலேயே தண்டிக்கின்றாள். லாரா ரோசி என்ற நடிகை அப்பாத்திரத்தைத் துடிப்போடு நடித்தார். அவர் மீது குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாள் வீசும் இளமங்கையருக்குத் தொலைக்காட்சியிலே என்றைக்குத்தான் பஞ்சம் வந்தது? பஞ்சமாக இருந்தது அந்த மற்றச் சிபில்தான். கையிலிருந்த ஒரேயொரு அரிய காசைக் கொடுத்து, எங்கும் கிடைக்கும் சில்லறையை மாற்றி வாங்கிய வியாபாரம் இது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இத்தொடரைத் தாக்கியவரிற் சிலர், நடிகையின் தோல் நிறத்தைக் காட்டியும், வெட்டினாரி பிரபுவின் வேடத்தை அன்னா சான்ஸலர் என்ற பெண்மணி ஏற்றதைக் காட்டியும் கூச்சலிட்டார்கள். அக்கூச்சலிலே நமக்குப் பங்கில்லை. தட்டுலகத்திலே எந்த நிறத்தவரும் எவராகவும் இருக்கலாம். அன்னா சான்ஸலரின் நடிப்போ, வறண்ட புன்னகையும் கூர்ந்த பார்வையுமாக, மூலத்தின் வெட்டினாரிக்கு மிக அண்மையில் நின்றது. முகம் மாறினால் கெடுதி இல்லை. பாத்திரத்தின் உட்பொருள் மாறினாற்றான் கெடுதி.

உட்பொருள் மாறியதற்கு இன்னோர் உதாரணம் டிட்ரைட்டஸ். அவன் கல்லாலான ஒரு பூதன். பூதர்க்கும் குள்ளர்க்கும் பரம்பரைப் பகை. எந்தப் போரிலே தொடங்கியது, யார் முதலிற் கல்லெறிந்தார் என்பதிலே இரு தரப்பாரும் ஒருநாளும் ஒத்துப்போகமாட்டார்கள். "மென் அட் ஆர்ம்ஸ்" நாவலிலே டிட்ரைட்டஸும் கடி என்னும் குள்ளனும் ஒரே காவற்படையிற் சேர்க்கப்பட்டு, ஒன்றாகவே காவல் செல்லுமாறு பணிக்கப்படுகின்றனர். பூதரின் மூளை குளிரிலே நன்றாக வேலை செய்யும்; வெப்பத்திலே மந்தித்துப் போகும். குளிர்களஞ்சியம் ஒன்றிலே அடைபட்ட டிட்ரைட்டஸ், உறைந்து சாகும் தறுவாயிலே பெரும் கணித மேதையாகிச் சுவரெங்கும் கணக்கெழுதுகின்றான். அவனைக் காப்பாற்றிய குள்ளன் பின்பு அவன் தலைக்குக் காற்றாடி பொருத்திய கவசமொன்றைத் தன் கையாலேயே செய்து கொடுக்கின்றான். பகைவனுடைய தலை சூடேறாமல் இருக்க ஒருவன் காற்றாடி செய்து கொடுக்கின்றான்! நண்பனான அக்குள்ளன் இறக்கும் இடத்திலே, நகைச்சுவை நூல் என்று எண்ணிக் கையிலெடுத்தவர்கள் கண்ணீரைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். தொடரிலே டிட்ரைட்டஸ் தொடக்கத்திலேயே கொல்லப்பட்டு விடுகின்றான். மூன்றாம் அத்தியாயத்திலே செத்து விழுவதற்கென்றே வரும் அந்தப் பழைய காவலர்களைப் போலத்தான் அவனும் போனான். மூலத்தின் சமர்ப்பணத்தைப் படித்திருந்தால் இதை ஒருவர் எழுதியிருப்பாரா?

சீரி என்னும் குள்ளப் பெண்ணின் கதையையும் சுருக்கமாகக் குறிப்பிடலாம். பிராட்செட்டின் குள்ளர்களிலே ஆணும் பெண்ணும் ஒரேவிதமாகத் தாடி வளர்த்து, ஒரேவிதமான இரும்புச் சட்டை அணிவர். யார் ஆண், யார் பெண் என்று கேட்பதே அநாகரிகம். சீரி ஒருநாள் துணிந்து பாவாடை அணிந்து உதட்டுச்சாயம் பூசுகின்றாள். ஆனால் தாடியை மட்டும் எடுக்க மறுக்கின்றாள், ஏனெனில் அவள் குள்ளப் பெண். அந்தத் தாடியிலேதான் நகைச்சுவையும் இருக்கின்றது, அவளுடைய மானமும் இருக்கின்றது. தொடரின் சீரி நெடிய உருவம்; தாடியைக் காணோம்.

இனி மறுபக்கத்தையும் கேட்போம். நாவல் வேறு, நாடகம் வேறு, திரை வேறு. மூலத்தை அப்படியே பெயர்த்து வைப்பது கலையாகாது என்பார்கள். உண்மையே. பிராட்செட்டின் எழுத்தைத் திரைக்குக் கொணர்வது எளிதான காரியமும் அன்று. அவருடைய ஹாஸ்யத்தில் ஒரு பாதி நடப்பிலே இல்லை. நடப்பைச் சொல்லும் குரலிலே இருக்கின்றது. வாக்கியம் நேராகச் சென்று கொண்டிருக்கும். திடீரென ஓர் உடுக்குறி தோன்றும். பக்கத்தின் அடியிலே ஓர் அடிக்குறிப்புக் கிடக்கும். அங்கே வேறொரு குட்டிக் கதை நடக்கும். கமராவினால் அடிக்குறிப்பைப் படம் பிடிக்க முடியாது. மரண தேவன் இவ்வரிசையின் ஏறக்குறைய எல்லா நாவல்களிலும் வருகின்றான்; அவன் பேச்சு முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும், மேற்கோட்குறியும் இராது. (பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத நம் மொழியிலே இதனைப் பெயர்க்க முற்படுபவர் பாடு திண்டாட்டந்தான்.) கல்லறையின் கதவு மூடுவதைப் போன்ற அக்குரலை வாசகர் ஒவ்வொருவரும் தம் காதுக்குள்ளே வைத்திருக்கின்றனர்.

ஆயினும் முன்னையோர் இதைச் சமாளித்திருக்கின்றனர். 1997இலே "வியர்ட் சிஸ்டர்ஸ்", "சோல் மியூசிக்" என்னும் இரு நாவல்களும் கேலிச்சித்திரத் தொடர்களாக வெளிவந்தன. மரண தேவனுக்குக் குரல் கொடுத்தவர் கிறிஸ்தோபர் லீ. ஸ்கை நிறுவனம் 2006இல் "ஹொக்பாதர்" நாவலையும், 2008இல் "தி கலர் ஒஃப் மஜிக்" நாவலையும், 2010இல் "கோயிங் போஸ்டல்" நாவலையும் படமாக்கியது. மூன்றிலும் பிராட்செட் தாமே சிறு வேடத்திலே முகம் காட்டினார். அவை குறையற்ற படங்கள் அல்ல. "ஹொக்பாதர்" பல இடங்களிலே மாட்டுவண்டி வேகத்தில் நகர்கின்றது என்பதை அதன் அபிமானிகளே ஒப்புக்கொள்வர். இருப்பினும் அவற்றைப் பார்க்கும்போது, எடுத்தவர்கள் நூலைப் படித்து இரசித்தவர்கள் என்பது விளங்கும். நாடக மேடையிலோ, 1991ஆம் ஆண்டு முதல் ஸ்டீபன் பிரிக்ஸ் என்பவர் ஒக்ஸ்போட் மாவட்டத்து அபிங்டன் நகரத்திலே, அமெச்சூர் நடிகர்களை வைத்துக்கொண்டே இந்நாவல்களை நாடகமாக்கி வெற்றி கண்டார். பணமும் வித்தையும் குறைந்த அந்த மேடையிலே எது முடிந்ததோ, அது பெருந்தொகை செலவிட்ட தொடரிலே முடியவில்லை.

"தி வோச்" தொடருக்குக் கையிலே பணமும் இருந்தது, திறமை மிக்க நடிகரும் இருந்தனர். வைம்ஸாக நடித்த ரிச்சட் டோமர் சாதாரண நடிகர் அல்லர். ஆனால் கண்ணைச் சுற்றி மை கரைந்தாற் போன்ற ஒப்பனையோடு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருதரம் முகத்தைக் கோணி நடிக்கும்படி யார் சொன்னார்களோ! மூலத்தின் வைம்ஸ் சிரிப்பூட்டுவது அவர் சிரிக்காமல் இருப்பதனால். மரண தேவனுக்குக் குரலளித்த வென்டெல் பியர்ஸ் வரும் நிமிடங்களே தொடரின் இனிய நிமிடங்கள். படப்பிடிப்புத் தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரத்திலே நடந்தது. பழைய சேறும் புகையும் நிறைந்த நகரம் போய், நிற விளக்குகளும் பாழடைந்த கொங்கிறீற்றுச் சுவர்களும் வந்தன. அதுவும் ஒரு கற்பனைதான். கண்ணுக்குக் கவர்ச்சியாகவும் இருந்தது. வேறொரு பெயரிலே, வேறு பாத்திரங்களோடு வந்திருந்தால் நாமும் இரசித்திருக்கக்கூடும்.

ஆனால் வேறொரு பெயரிலே வரவில்லையே! பாத்திரங்களால் "உந்தப்பட்டது" என்று விளம்பரத்திலே ஒரு சொல்லைப் போட்டுக்கொண்டார்கள். அந்தச் சொல் ஒரு வியாபாரத் தந்திரம் என்பது என் கருத்து. நூலின் பெயரைச் சொல்லி இலட்சக்கணக்கான வாசகரை அழைக்கவும் வேண்டும், வந்தவர்கள் "நூல் எங்கே?" என்று கேட்டால், "நூலென்று நாங்கள் எப்போது சொன்னோம்?" என்று கேட்கவும் வேண்டும். ஒரு கையால் அழைத்து மறு கையால் தள்ளுகின்ற வித்தை இது. பிராட்செட்டின் மகள் ரியானா பிராட்செட், தாமும் ஓர் எழுத்தாளர். இத்தொடருக்கும் தம் தந்தையின் காவற்படைக்கும் இரத்த சம்பந்தம் ஏதும் இல்லை என்ற கருத்தை ஒளிபரப்புக்கு முன்னரே பகிரங்கமாக வெளியிட்டார். தாம் இதைக் கண்டிக்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை என்றும் கூறினார். ஒரு மகள் இதைவிட நாகரிகமாகப் பேச முடியாது. இதைவிடக் கடுமையாகவும் பேச முடியாது.

தொடரின் நடுநாயகமாக வைக்கப்பட்டவன் கார்ஸர். 2002இல் வெளிவந்த "நைட் வோச்" நாவலின் வில்லன் அவன். அந்நாவலிலே வைம்ஸ் அவனைத் துரத்திச் செல்லும்போது இடிவிழுந்து, இருவரும் முப்பதாண்டுகளுக்கு முந்திய காலத்துக்குத் தூக்கி எறியப்படுகின்றனர். கொடுங்கோலனுக்கு எதிராகத் தெருக்களிலே தடையரண் எழும்புகின்ற காலம் அது. அங்கே வைம்ஸ், இளைஞனாக இருந்த தம்மைத் தாமே சந்திக்கின்றார். அந்த இளைஞனுக்கு நல்ல காவற்காரனாக இருப்பது எப்படி என்று கற்பிக்கும் ஆசானும் அவரே ஆகின்றார். கார்ஸரோ சிரித்த முகத்தோடு கொலை செய்பவன், பிடிபட்டவுடன், "நான் என்ன செய்தேன்?" என்று கண்ணை விரிப்பவன். அவன் கெட்டதற்குக் காரணம் சொல்ல முடியாது. இறுதியிலே அவன் கழுத்து வைம்ஸின் கைக்கெட்டுகின்றது. மனைவி பிரசவ வேதனையிலிருந்து மீண்டு, மகன் பிறந்திருக்கும் இரவு அது. தோழர்களின் சாவுக்குக் காரணமானவனைக் கொல்லும் ஆத்திரம் வைம்ஸுக்கு எழுகின்றது. அவர் கொல்லவில்லை. வழக்கு, சாட்சி, தீர்ப்பு எல்லாம் முறைப்படி நடக்கும் என்று சொல்லி விலங்கு மாட்டுகின்றார். நாற்பத்தொரு நாவல்களிலும் உயர்ந்த கட்டம் இதுவென நான் கருதுகின்றேன்.

தொடரிலே கார்ஸர் வைம்ஸின் இளமைக் காலத்து நண்பன், கைவிடப்பட்டவன், நியாயமான கோபம் உடையவன். அவனுடைய தீமைக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகின்றது, அதுவும் வைம்ஸையே சுட்டுகின்ற காரணம். இது வேறொரு நல்ல கதைக்கு வித்தாகலாம். ஆனால் இரங்கத்தக்கவனுக்கு இரங்குவது எவர்க்கும் இயலும். எவ்விதத்திலும் இரங்க முடியாத ஒருவனுக்கும் நீதிமன்றத்துக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதன்றோ வைம்ஸ் வகுத்த சட்டம்?

குடும்பப் பகுதி வாசகருக்காக இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2005இல் வெளியான "தட்!" நாவலிலே வைம்ஸ், நகரக் காவற்படையின் பெருந்தலைவர், பூதர்க்கும் குள்ளர்க்கும் இடையே நகரமே பற்றி எரியும் நிலையில் இருக்கின்றது. ஆயினும் நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டிலே இருப்பார். ஒரு வயதுக் குழந்தைக்குத் தொலைந்த பசுவைத் தேடும் படப் புத்தகத்தை வாசித்துக் காட்ட வேண்டும். நல்ல காரணத்துக்காக ஒருநாள் அதைத் தவறவிட்டால், அற்பக் காரணத்துக்காகவும் மற்றொருநாள் தவறவிட நேரும் என்பது அவர் கொள்கை. அவர் நேரத்துக்கு வீடு சேரவேண்டுமென்று காவலர்கள் தெருவின் வண்டிகளையெல்லாம் நிறுத்தி வழிவிடுகின்றனர். இத்தொடர் நீடித்திருந்தாலும் அந்த மாலை ஆறு மணி வந்திராது என்றே எண்ணுகின்றேன். அங்கே உலகத்தைக் காப்பாற்றும் அவசரம் அதிகம்.

தொடர் எட்டு அத்தியாயங்களோடு நின்றுபோயிற்று. இரண்டாம் பருவம் எடுக்கப்படவில்லை. இதன் திட்டம் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது 2011இலே, பிராட்செட் உயிரோடு இருந்த காலத்திலே, என்பதை நினைக்கும்போது மனம் கனக்கின்றது. 2007இலே அவருக்கு மூளை நலிவு நோய் கண்டது. தட்டச்சு செய்ய இயலாத நிலையிலும் வாயாற் சொல்லிச் சொல்லியே இறுதி நாவல்களை முடித்தார். முடிக்க இயலாதவற்றைப் பிறர் எடுத்து முடித்துவிடக்கூடாது என்பதும் அவர் விருப்பம். அதன்படி 2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி, இங்கிலாந்தின் டோர்செட் நீராவி இயந்திரக் கண்காட்சியிலே, அவருடைய கணினியின் நினைவகத் தட்டு ஒரு பழைய நீராவி உருளையின் கீழே வைத்து நசுக்கப்பட்டது. அதற்கும் அது முழுவதும் சிதையாமற் போகவே, கல்லுடைக்கும் இயந்திரத்திலும் போட்டார்கள். எழுதாத கதைகளுக்கு இவ்வளவு கடுங்காவல் போட்டவர் அவர். எழுதி முடித்த கதைகளுக்கு அத்தகைய காவல் போட எவராலும் முடியாது.

2020ஆம் ஆண்டு ஏப்ரிலிலே, அவருடைய குடும்பத்தார் பங்குகொள்ளும் நரேட்டிவியா நிறுவனம், இனி எடுக்கப்படும் படங்கள் மூலத்துக்கு முற்றிலும் விசுவாசமாக இருக்கும் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பின் தொனியே எல்லாவற்றையும் சொல்லிற்று. 2022இலே "தி அமேஸிங் மோரிஸ்" என்ற கேலிச்சித்திரப் படம் வெளிவந்தது. பேசும் பூனையையும் படித்த எலிகளையும் பற்றிய அக்கதையைப் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கலாம்.

காவற்படையை அறிய விரும்புவோர் "கார்ட்ஸ்! கார்ட்ஸ்!" நாவலிலிருந்து தொடங்குவதே முறை. அடுத்து "மென் அட் ஆர்ம்ஸ்". "நைட் வோச்" நாவலை முதலிலே எடுக்க வேண்டாம். வைம்ஸோடு சில காலம் பழகிய பின்னரே அதன் சுவை புலப்படும். தொடரையும் பார்க்கத்தான் வேண்டும் என்போர் அதற்குப் பிறகு பார்க்கட்டும். முழுவதும் பார்த்து முடிக்க எட்டு மணித்தியாலமும் ஆகாது.